பாதியில் நின்ற பேட்டரி

அன்பு மகள் ஜோய்லினுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் அது பொய். பயப்படாமல் கடைசி வரைக்கும் படி, உன் அப்பா இதோ என் எதிரில் உட்கார்ந்து கஞ்சியில் கருவாட்டைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா, அந்த முதியோர் இல்லத்தில் கிழவிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி என்றாயே, குறைந்ததா? போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் சோலாருக்காகச் சுவரில் மாட்டிய அந்தப் பெட்டிக்கும் கேட்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம், சிரிக்காதே. பக்கத்து வீட்டு பினிங்கின் மகள் ஜப்பானுக்கு, உன் நகோயாவுக்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், உறையின் வாய் பிரிந்திருந்தால் அவளையே கேள்.

தவக்காலத்தில் நீ பணம் அனுப்பிக் கூரையில் சோலார் தகடும் கீழே பேட்டரியும் வைத்த நாளிலிருந்து உனக்கு இந்த வீட்டு விஷயம் எல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஏன் சாயங்காலம் இஸ்திரி போட்டீர்கள், வெயில் இருக்கும்போதே போடக் கூடாதா என்பாய். டிவி ஓடிக்கொண்டே இருந்ததே, தூங்கிவிட்டீர்களா என்பாய். எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஒருநாள் ராத்திரி முழுக்க என்னம்மா ஓடுது என்று கேட்டாய், நான் ஃபேன் என்றேன். ஃபேனுக்கு இவ்வளவு கரண்டா என்றாய், ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டது என்றேன். இரண்டும் பொய் மகளே. மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்கு நுரையீரல் சரியில்லை. தூங்கும்போது ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் சொல்லி, காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், ராத்திரி முழுக்க ஓடுவது அதுதான். உனக்குச் சொன்னால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய் என்று பயந்து, சொல்லக் கூடாது என்று அப்பாவிடமும் உன் பெர்லிங் அத்தையிடமும் குழந்தை இயேசு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தேன்.

நீ கேட்கக் கேட்க எனக்கு உன் அத்தை மேல்தான் சந்தேகம். வீட்டில் இருப்பது மூன்று பேர், நான் சொல்லவில்லை, அப்பாவுக்கு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மூச்சில்லை, மிச்சம் யார்? சோதித்துப் பார்க்க அவளிடம் மட்டும் ஏசி வாங்கப்போகிறேன் என்று ஒரு புளுகு விட்டேன். நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சரி, இவள் பெரிய கெட்டிக்காரி, எதைச் சொல்வது எதை மறைப்பது என்று தெரிந்தவள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்துத் துழாவினேன், ஈரத்தலையோடு வந்து நின்றாள். "அதுல காசே இல்ல அண்ணி, நான் எங்கேர்ந்து ஜப்பானுக்குப் பேசுறது? நீங்களே காசு போடுங்க, தெனமும் உக்காந்து கோள் சொல்றேன்" என்றாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் புயல் வந்தது. நம் ஊரில் மின்சாரம் போவதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். தெருவே இருட்டு, நம் வீட்டில் மட்டும் வெளிச்சம், ஆளாளுக்குப் போனுக்குச் சார்ஜ் போட வந்துவிட்டார்கள். வெயிலே இல்லை, ஆனாலும் பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கிறது என்று அதிலுள்ள விளக்குகள் காட்டியதால் தைரியமாக இருந்தேன். மத்தியானமே அப்பாவுக்கு இழுக்க ஆரம்பித்தது, மெஷினைப் போட்டோம். விளக்கு வைக்கிற நேரத்தில் மெஷின் கீ கீ என்று கத்தி நின்றுபோனது, வீடு முழுக்க இருட்டு. டார்ச்சை அடித்தால் உன் அத்தை கையில் துணியோடு பேட்டரிப் பக்கத்தில் நிற்கிறாள், ஒழுகிய தண்ணீரைத் துடைக்க வந்தாளாம். "நீதானடி எதையோ புடுங்குன? கூடப் பொறந்தவனையே கொல்லப் பாக்குறியா?" என்று கத்தினேன், சார்ஜ் போட வந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் அப்பாவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "அப்புறமாத் திட்டுங்க அண்ணி, மொதல்ல அந்தப் பக்கம் புடிங்க" என்றாள். கொட்டுகிற மழையில் ஒரு மோட்டார் டிரைசிக்கிளைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது, வழியெல்லாம் அவள் மடியில்தான் அவர் தலை. ஆக்சிஜன் வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. அப்போதும் பாவி நான், நர்சைக் கூப்பிட்டு, அந்தப் பொம்பளையை அவர் பக்கத்தில் விடாதீர்கள் என்று சொன்னேன்.

மழை விட்டதும் சோலார் வைத்துக் கொடுத்த அர்னெல் வந்து பார்த்தான். "யாரும் எதையும் புடுங்கலம்மா. பாதிக்குக் கீழ எறங்குனா தானா நின்னுடணும்னு செட் பண்ணியிருக்கு, ஜப்பான்லேர்ந்து உங்க பொண்ணு போன்லயே மாத்தியிருக்காங்க. ராத்திரில ஏதோ வீணா ஓடுது, பேட்டரி கெட்டுடும்னு பயந்திருப்பாங்க" என்றான். அவன் போனில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினான். இஸ்திரி போட்டது, டிவி ஓடியது, எல்லாம் அதில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். யாரும் கோள் சொல்லவில்லை.

இதைப் படித்து நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்று தெரியும், வேண்டாம். உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று, யாரோ வீணாக்குகிறார்கள் என்று சந்தேகப்பட்டவள் வாய்விட்டு என்னிடம் சண்டை போட்டிருக்கலாம், சத்தமில்லாமல் பொத்தானை அழுத்தியிருக்கிறாய், அது அப்படியே என் புத்தி. அப்பாவிடம் சொன்னபோது கோபப்படுவார் என்று நினைத்தேன், இருமி இருமிச் சிரித்தார். "என் பொண்ணு ஜப்பான்லேர்ந்து கைய நீட்டி லைட்ட அணைக்கிறா, உனக்கு அடுப்படி லைட்ட அணைக்க எழுந்திரிக்க முடியல" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அத்தையிடம் தெருவில் எல்லோரும் பார்க்கவே மன்னிப்புக் கேட்டேன். "சந்தேகப்பட வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் என்னைய வச்சுக்கோங்க அண்ணி" என்றாள். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் இன்று என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள். அர்னெல் போனிலும் நம் வீட்டுப் படம் ஏன் தெரிய வேண்டும் என்று கேட்டேன், ரிப்பேர் பார்க்கத்தான் என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. நீ கேட்டுச் சொல்.

பாதியில் நிற்கிற அந்த அமைப்பை அவன் பழையபடி மாற்றிவிட்டான், நீ எதையும் தொடாதே. பார்க்க மட்டும் பார். ராத்திரி முழுக்க அந்தக் கோட்டில் ஒரே சீராக ஒரு மேடு தெரியும், அது உன் அப்பாவின் மூச்சு. அது இருக்கிற வரைக்கும் நீ அங்கே தூங்கலாம், ஒப்பந்தம் முடித்தே வரலாம். என்றைக்காவது அது படுத்துவிட்டால் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, எனக்குப் போன் போடு, நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன், இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஆசி வாங்க என் கையையும் அப்பா கையையும் எடுத்து உன் நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள், ஆண்டவர் உன்னோடு இருப்பார்.

உன் அம்மா,
கொன்சொலாசியோன்