உதைக்காத முழங்கால்

ஐப்பசி 12, ஞாயிறு

விடியத் தொடக்கம் மழை. கொக்குவில் ஒழுங்கை முழுக்கச் சேறு. உடுப்புக் காயவில்லை.

என் இருமல் நாலு நாளில் போய்விட்டது. மலருக்கு இன்னும் விடவில்லை. காய்ச்சல் நேற்று இறங்கியது, தடிமன் அப்படியே. கிருமியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். தரம் 10இல் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வருகிறார்கள். எனக்கு வந்து, என்னிடமிருந்து தங்கைக்கு.

இன்று பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு மணக்கவேயில்லை. "மூக்கு செத்துப்போச்சு அக்கா" என்றாள். மூக்கு நரம்பை மட்டும் பிடிக்கும் கிருமி இது என்று விளக்கத் தொடங்கினேன். சட்டியைத் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

செய்ய வேண்டியவை: விடைத்தாள் 38. கூரை ஓடு பார்க்க ஆள். மலருக்கு வெள்ளை நூல், 40ஆம் இலக்கம்.

ஐப்பசி 16, வியாழன்

மழை இல்லை. ம. தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். பள்ளிக்கூடச் சட்டைகள் ஆறு நிலுவை. முகம் வெளிறிக் கிடக்கிறது.

கந்தசட்டி பிடிக்கப் போகிறாளாம். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும். இப்போதுதான் காய்ச்சலால் எழும்பியவள், உடம்பில் என்ன கிடக்கிறது என்று கேட்டேன். "மூண்டு வரியமாப் பிடிக்கிறன், விடேலாது" என்றாள். என்ன நேர்த்தி என்று கேட்டால் வாயே திறக்கமாட்டாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நாற்பது வயதில் மாப்பிள்ளை கேட்டோ விரதம் என்று கேட்டுவிட்டேன்.

மெஷின் நின்றது. பிறகு ஓடியது. இரவுச் சாப்பாடு தனித்தனி.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது சொன்னதுதான்.

ஐப்பசி 22, புதன்

இணுவில் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். வலக்கையில் மஞ்சள் நூல். பள்ளிக்குப் போகமுன் தேநீர் ஊற்றித் தந்தாள், கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. இரண்டு கழுதைகள்.

பள்ளியில் இன்னும் ஒன்பது பேர் வரவில்லை. எல்லாம் அதே இருமல்.

ஐப்பசி 23, வியாழன்

நாளை தரம் 10க்குத் தெறிவினை. முழங்காலில் தட்டினால் கால் தானாக உதைக்கும், மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காது. செய்துகாட்டினால்தான் பிள்ளைகளுக்கு ஏறும். பின்னேரம் ம.வைக் குசினி மேசையில் ஏற்றி, காலைத் தொங்கவிடச் சொல்லி, அகப்பைக் காம்பால் தட்டிப் பழகினேன்.

உதைக்கவில்லை. இடம் மாற்றித் தட்டினேன். ஐந்து தரம், ஆறு தரம். மற்றக் காலிலும் இல்லை. "உன்ரை காலும் விரதமடி" என்றேன். சிரித்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அதற்காகவே அகப்பைக்கு நன்றி.

எனக்குத் தட்டினால் கால் போய்க் கதிரையை உதைக்கிறது. அவளுக்குத் தட்டும் கோணம் பிழை போல.

ஐப்பசி 24, வெள்ளி

பாடம் நல்ல மாதிரி. எட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டினேன், எட்டுக் காலும் உதைத்தது. ஒருவன் என் சேலைக்கே உதைத்தான். வகுப்பே சிரிப்பு.

அப்படியானால் என் கோணம் பிழையில்லை. மலரின் முழங்கால்தான் வித்தியாசம்.

நூல் வாங்கினேன். ஓடு பார்ப்பவர் வரவில்லை.

ஐப்பசி 25, சனி

விரதம் நாலாம் நாள். ம. ஊசியில் நூல் கோக்க அரைமணி நேரம். முடியாமல் என்னிடம் நீட்டினாள். பொபின் கையால் நழுவி இரண்டு தரம் விழுந்தது. கிணற்றடிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். முதுகு நோகிறது என்றாள்.

பக்கத்து வீட்டுச் செல்வமக்கா எட்டிப் பார்த்து, நாலாம் நாள் எல்லோருக்கும் இப்படித்தான், பாறணைச் சோறு உள்ளே போனால் எழும்பிவிடுவாள் என்றா. நானும் ஓம் என்றேன். விரதத்தை விடு என்று இன்னொரு தரம் சொல்ல எனக்கு முகமில்லை.

ஐப்பசி 27, திங்கள்

பிற்பகல் சூரன்போர். ஓட்டோவில் கூட்டிப் போனேன், நடக்கமாட்டாள் என்று தெரிந்தது. கோயில் வீதி மணலில் இருத்தினேன். சூரன் தலை மாற்றி மாற்றி வர, சனம் அரோகரா என்று எழும்பியது. மலர் மட்டும் எழும்பவில்லை. எழும்படி என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை வந்தது, ஆள் வரவில்லை.

மயக்கம் என்று சனம் விலகிக் காற்றுக்கு வழி விட்டது. யாரோ துளசித் தண்ணீர் பருக்கினார்கள். தண்ணீர் மூக்கால் திரும்பி வந்தது. அவளுக்கு மயக்கமேயில்லை. கண் முழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டோக்காரத் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். நேரே பெரியாஸ்பத்திரி.

ஐப்பசி 28, செவ்வாய்

பாறணை நாள். ம.வுக்குச் சேலைன்.

நேற்று வந்தவுடன் டொக்டர் முதலில் செய்தது: சின்ன றப்பர்ச் சுத்தியலை எடுத்து முழங்காலில் தட்டினார். ஒன்றுமில்லை. மற்றது. ஒன்றுமில்லை. முழங்கை, குதிக்கால், எங்கேயும் இல்லை. இது எப்போது தொடங்கியது என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன்.

பொய். விஞ்ஞான ரீச்சர், பதினாறு வருடச் சேவை. வாயில் வந்தது பொய்.

வெளியே மர வாங்கில் போய் இருந்தேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். பிறகு எழும்பிப் போய்ச் சொன்னேன்: வியாழக்கிழமை, அகப்பைக் காம்பு, ஆறு தரம், இரண்டு காலும். அதற்கு முதல் இருமல், காய்ச்சல், மணம் தெரியாமல் போனது. அவர் ஏசவில்லை. எழுதிக்கொண்டார். ஏசியிருக்கலாம்.

கையில் ஊசி ஏற்றக் காப்பு நூல் இடைஞ்சல் என்று தாதி வெட்டி என் உள்ளங்கையில் வைத்தா. பேர்ஸுக்குள் கிடக்கிறது.

இன்று காலை ம.வின் குரல் மூக்கால் வந்தது. கால் எப்போது விறைக்கத் தொடங்கியது என்று கேட்டேன். புதன்கிழமை, காப்புக் கட்டின அன்றே என்றாள். ஏன் சொல்லவில்லை?

"சொன்னா விரதத்தை முறிச்சுப்போடுவியள். பேந்து அண்டைக்கு மாதிரி ஏதும் கதைப்பியள்."

அவள் எனக்குச் சொன்ன கடைசிக் கதை அது. மத்தியானம் மூச்சுக் குறைந்தது. குழாய் போட்டு மூச்சு மெஷினில் விட்டுவிட்டார்கள்.

ஐப்பசி 30, வியாழன்

மழை. லீவு போட்டாயிற்று.

டொக்டர் படியில் நின்று விளங்கப்படுத்தினார். நான் ரீச்சர் என்று தெரிந்து கொஞ்சம் விரிவாக.

"கிருமி எப்பவோ போயிட்டுது ரீச்சர். அதை அடிக்க உடம்பிலை எழும்பின படைதான் இன்னும் அடங்கேல்லை. நரம்பின்ரை மேலுறை கிருமி மாதிரித் தெரியுது போல, அதைப் போட்டு அடிக்குது."

எல்லோருக்கும் வராதாம், மிக அரிது. சளிக்காய்ச்சல் எத்தனையோ பேருக்கு வந்து போகும், ஒருவருக்கு இப்படித் திரும்பும். ஏன் இவளுக்கு என்று கேட்டேன். தெரியாது என்றார். விரதத்தாலோ? இல்லை. ஆனால் விரதம் என்று நினைத்தபடியால் ஐந்து நாள் போய்விட்டது. அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கிருமியை அடிக்கும் பிறபொருளெதிரி பற்றிப் போன தவணைதான் படிப்பித்தேன். கரும்பலகையில் கிருமியைச் சிவப்புச் சோக்கால் கீறி, எதிரியை நீலத்தால் கீறி, பூட்டும் திறப்பும் போலப் பொருந்தும் என்று சொன்னேன். பிழையான பூட்டிலும் பொருந்தும் என்று புத்தகத்தில் இல்லை. இருந்தாலும் அந்தப் பந்தியைத் தவணை முடிகிறது என்று விட்டிருப்பேன்.

மருந்து ஐந்து நாள், ஊசியால் நாளத்துக்குள். பிறகு காத்திருக்க வேண்டுமாம். மாதக்கணக்கும் ஆகலாம். எழும்பலாம், எழும்பாமலும் விடலாம்.

மூளைக்கு ஒன்றுமில்லை. எல்லாம் கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது. ஒரு விரல்கூட அசையாது. கண் மட்டும். தாதி பழக்கியிருக்கிறா: ஒருதரம் மூடினால் ஓம், இரண்டு தரம் மூடினால் இல்லை. நோகுதோ என்று கேட்டேன். ஒருதரம்.

கார்த்திகை 2, ஞாயிறு

வீடு கூட்டினேன். மெஷினில் பாதித் தையலோடு ஒரு வெள்ளைச் சட்டை. தையல் கடைசி இரண்டு அங்குலம் கோணல். ஒருநாளும் கோணலாகத் தைக்காதவள். பிரிக்கவில்லை, அப்படியே விட்டேன்.

செல்வமக்கா இடியப்பம் கொண்டுவந்தா. இருந்து அழுதா. பேச்சுவாக்கில் சொன்னது: மலர் கந்தசட்டி பிடிக்கத் தொடங்கினது எனக்காகவாம். நான் வன்னிப் பள்ளிக்கூடத்தில் கிடந்து உலைந்த காலம், அக்காவுக்கு ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்தால் ஐந்து வருடம் பிடிப்பேன் என்று நேர்த்தி. மாற்றம் கிடைத்தது. அதற்காகத்தான் பிடித்துக்கொண்டு வந்தாளாம்.

மாற்றம் விரதத்தால் வந்ததில்லை. விண்ணப்பம் நான் எழுதியது, கல்விக் கந்தோர்ப் படி ஏறினது நான். அதெல்லாம் சரி. மாப்பிள்ளை கேட்டோ என்று கேட்டதும் நான்.

இடியப்பம் இறங்கவில்லை.

கார்த்திகை 4, செவ்வாய்

பள்ளிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். தரம் 10இல் மீட்டல். கடைசி வாங்குப் பெட்டை கையை உயர்த்தினாள்.

"தட்டியும் உதைக்காட்டி என்ன ரீச்சர்?"

"ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். அண்டைக்கே."

கொப்பியில் எழுதினார்கள். சோதனைக்கு வருமா என்று ஒருத்தன் கேட்டான். நான் கதிரையில் இருந்துவிட்டேன். மிச்சப் பாடம் அவர்களே வாசித்தார்கள்.

மருந்து முடிந்து ஒரு நாள். தாதி பாராத நேரம் மலரின் முழங்காலை என் மடித்த விரல் கணுவால் தட்டிப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும். இன்றும் இல்லை.

கார்த்திகை 6, வியாழன்

வெயில். வீதியெல்லாம் காய்ந்துவிட்டது.

நேற்றிரவு பிறஷர் ஏறி இறங்கி, இதயம் ஒருதரம் தடுமாறியதாம். இதயத்துக்குப் போகும் நரம்பையும் பிடித்திருக்கிறது. ஒன்றும் உறுதி சொல்ல ஏலாது, கதைக்க வேண்டியதைக் கதையுங்கோ என்றார் டொக்டர். அதற்கு என்ன கருத்து என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கதிரையை அவள் கண்ணுக்கு நேரே இழுத்துப்போட்டு இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் உதைக்காததைக் கண்டும் விட்டது. அடுத்த நாள் எட்டுப் பிள்ளைகளின் கால் உதைத்தும் யோசியாமல் விட்டது. டொக்டரிடம் பொய் சொன்னது. கிருமி என்னால் வந்தது. மாப்பிள்ளைக் கதை. செல்வமக்கா சொன்ன நேர்த்திக் கதை எனக்குத் தெரியும் என்பதும்.

அழாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றா.

"என்னிலை கோவமோ மலர்?"

என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மெஷின் மூச்சு விட்டது, எடுத்தது. பிறகு கண்ணை மூடினாள், திறந்தாள். ஒருதரம்.

இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று தாதி வந்து தோளில் கை வைத்தா. இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்றேன்.