ஐந்து என்று போட்டோம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போன் அடித்தால் நீ எடுக்க மாட்டாய், அதனால் பழைய வழியில் எழுதுகிறேன். மனைவி இறந்தபின் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாயே என்றுதான் எங்கள் ஆன்லைன் கணக்குப் படிப்பில் உன்னைச் சேர்த்துவிட்டேன். ‘குழுவில் உங்களோடு மனிதர்கள் இருப்பதாக உணர்ந்தீர்களா?’ என்று வாராவாரம் கேட்கிறோமே, அதற்கு உங்கள் குழுவில் நான்கு பேரும் ஐந்துக்கு ஐந்து போடுகிறீர்கள். அதை வைத்து நான் நடத்தும் ஆய்விலேயே நெருக்கமான குழு உங்களுடையதுதான். வயிற்றில் பால் வார்த்தாய். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பாலைக் கொஞ்சம் நிறுத்தி வை. சராசரி மூன்றுக்குக் கீழே போனால் குழுவைக் கலைத்துவிடுவீர்கள் அல்லவா? மறுபடி புது ஆட்களிடம் முதலிலிருந்து பேச எங்களுக்குத் தெம்பில்லை. எல்லாரும் ஐந்து என்று பேசிவைத்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் குழுவில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார். லாரிக்காரர் மட்டும், “எனக்கு இங்க யாரும் இருக்கிற மாதிரியே தோணல. ஒண்ணு போடட்டுமா?” என்றார். “அண்ணே, காரியத்தக் கெடுத்துடாதீங்க” என்று பேக்கரிக்காரம்மா கெஞ்சினார்.

“சரி, அஞ்சே போட்டுத் தொலைக்கிறேன்” என்று சிரித்தார். சிரிப்பு மட்டும்தான் கேட்டது. மனுஷர் கேமராவைப் போடவே மாட்டார்.

கொஞ்ச நாளாக அவரைக் காணோம். எங்களில் யாரிடமும் அவர் நம்பர் இல்லை. உன் ஆபீஸில் விலாசம் இருக்குமே, ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்.

உன் தம்பி

மார்ச் 22

தம்பி,

போய் வந்தேன். லாரிக்காரர் இல்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாராம். வாடை வந்த பிறகுதான் வீட்டுக்காரர் கதவை உடைத்திருக்கிறார்.

ஒன்று போடுகிறவர்களை அன்றைக்கே போனில் கூப்பிட்டுப் பேசுவோம். அதற்கென்றே இங்கே ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். முன்கூட்டிச் சொன்னால் பதில்கள் மாறிவிடும் என்று உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்கூட.

உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என்மேல் அதைவிட.

அக்கா

மார்ச் 29

அக்கா,

திட்டு, எனக்கு உறைக்கட்டும். மற்ற இருவரிடமும் சொன்னேன். “நான்தானே கெஞ்சுனேன்” என்று பேக்கரிக்காரம்மா அழுதார். வாத்தியார் கேமராவை அணைத்துவிட்டார். அதன்பிறகு யாரும் வருவதில்லை.

ஒன்று போடட்டுமா என்று லாரிக்காரர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சொல்லத் துணியாததை அவர் சொல்லிவிட்டார்.

மனசுக்குள் நான் போட்டதும் ஒன்றுதான், அக்கா. முதல் வாரத்திலிருந்தே. ஒன்று போட்டால் அன்றைக்கே கூப்பிடுவோம் என்றாயே. போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இந்த முறை எடுப்பேன்.

உன் தம்பி