ஒரு பெஞ்சைத் தாண்டிப் போன சமாதானம்

போன ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனையில், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் நின்ற ஒரு தறிக்காரர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டார். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார், தலையில் ஈரம்கூடக் காயவில்லை. ஆனாலும் உள்ளங்கையில் தறி எண்ணெய் வாசம் போகவில்லை. "சமாதானம் உண்டாவதாக" என்று சொல்ல வேண்டிய நான் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கை வாசம் இன்னொருவர் கையிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை.

நம் சபை வழக்கத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துக்கொண்டுதான் பந்திக்குப் போக வேண்டும். அதற்காகவே அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் முன் போதகர் கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுப்பார். சபைச் செயலாளர் என்ற முறையில் நான் அதை வாங்கி, கீழே இறங்கி வந்து, ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்தில் நிற்பவருக்கும் கொடுப்பேன். அவர் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பார், அப்படியே சுவர் வரைக்கும் போகும். மூன்றாவது பெஞ்சின் ஓரம் முப்பது வருஷமாக உன்னுடையது. என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "குடுத்துட்டீல்ல, நட நட, அடுத்த பெஞ்சுக்காரன் பாத்துட்டு நிக்கறான்" என்று காதோடு சொல்வாய். ஆராதனை நடுவில் சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

நாம் எதற்குச் சண்டை போட்டோம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆராதனை நேரத்துக்கு! காலை ஏழரை என்பதை ஒன்பதரை ஆக்க வேண்டும் என்று கமிட்டியில் நீ கேட்டாய். சோமனூர் பக்கம் பாதிச் சபை தறியில்தான் இருக்கிறது, நீயும் நான்கு தறி வைத்திருந்தவன். "ஏப்பா, நைட்டு ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றவங்க பிரசங்கத்துல தூங்கிப்போடறாங்க. ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வரட்டுமே. நேரத்தைத் தள்ளி வெச்சா என்ன கொறஞ்சுபோச்சு?" என்றாய். நியாயமான கேள்வி. ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் மணி பார்த்தே வயசானவன், போதாததற்கு இருபது வருஷச் செயலாளர். என்னைக் கேட்காமல் ஒரு யோசனையா என்று வீம்பு வந்துவிட்டது. "தறிக்காரங்க தூங்கி எந்திரிக்கற வரைக்கும் ஆண்டவரு காத்துட்டு இருக்கோணுமாக்கும்?" என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "சரிங்க செக்ரட்டரி. தப்பாக் கேட்டுப்போட்டனுங்க" என்று சொல்லி எழுந்தாய். நம் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுவார்கள். வாலிபர் சங்கக் காலத்திலிருந்து என்னை 'ஏப்பா' என்றே கூப்பிட்டவன் நீ. அந்த மரியாதையில் எனக்குக் காது சுட்டது. தப்பு என்மேல் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

அடுத்த வாரமே திருவிருந்து வந்தது. முதல் பெஞ்சுக்குக் கொடுத்தேன், இரண்டாவது பெஞ்சுக்குக் கொடுத்தேன். அந்த மனத்தாங்கலோடும் நீ எனக்குக் கை நீட்டினாய். நான் நான்காவது பெஞ்சுக்குப் போய்விட்டேன். மறதி இல்லை, வேண்டுமென்றே செய்தேன். உன் பெஞ்சில் ஆறு பேர் நின்றீர்கள். உன்னால் மற்ற ஐந்து பேருக்கும் சமாதானம் கிடைக்கவில்லை என்று அன்றைக்கு என் மனசுக்குள் பழியைக்கூட உன்மேலேயே போட்டேன். நீட்டிய கையை நீ எப்படி மடக்கிக்கொண்டாய் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கமிருந்து உன் மனைவி பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு நீ பந்திக்கு வரவில்லை. அதற்குப் பிறகு சபைக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் உன் மனைவியும் வேறு சபைக்குப் போகக் கோயமுத்தூர் பஸ்ஸுக்காக நிற்பதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். போதகர் நம் இருவரையும் சமாதானம் பேச இரண்டு முறை வரச் சொன்னார். இரண்டு முறையும் நீ போய் உட்கார்ந்திருக்கிறாய். நான் ஒருமுறை கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம் என்றேன், இன்னொருமுறை பிரஷர் என்றேன்.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நீயே என்னைப் பிடித்துவிட்டாய். இளைத்திருந்தாய். "ஏப்பா, ஒரு டீ குடிக்கலாமா?" என்றாய். மறுபடியும் 'ஏப்பா'. சரி என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பாழாய்ப்போன வாய், "அவசரமாக் காங்கேயம் போறேன்" என்றது. எதிரில் நின்ற பஸ்ஸில் ஏறியும்விட்டேன். காங்கேயத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே இறங்கி, தனியாக ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். எப்படியும் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதிலிருந்து இருபதாம் நாள் உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நம் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். எல்லோரோடும் வரிசையில் நின்று மூன்று பிடி மண் போட்டேன். பாவி நான், கடைசியாக என் கையால் உனக்குக் கொடுத்தது அதுதான்.

அடுத்த கமிட்டியில், உன் பெஞ்சை வேண்டுமென்றே தாண்டிப் போனதைச் சொன்னேன். யாருக்கும் அது புதிய செய்தி இல்லை, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். செயலாளர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். போதகர் விடவில்லை. "ஓடிப்போக வேண்டாங்க, ஒவ்வொரு திருவிருந்துக்கும் அந்த பெஞ்சுக்கு நீங்கதான் போகணும்" என்றார். ஒன்பதரை மணித் தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இப்போது அந்த ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

உன் மனைவி வரவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை உன் வீட்டுக்குப் போகிறேன். முதல் தடவை வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். "அவரு அன்னைக்கே மன்னிச்சுருப்பாருங்க. அவரு கொணம் அப்படி. ஆனா கை நீட்டிட்டு நின்னதை நான் பாத்தனுங்க. எனக்கு இன்னும் மனசு வரலீங்க" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. முப்பது வருஷமாக என்னை அண்ணா என்று கூப்பிட்டவள். இப்போது அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டுத்தான் பேசுகிறாள். "சரிங்க அம்மணி, மறுபடியும் வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு தடவை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதே பதில். சமயத்தில் அலுப்பு வருகிறது, ஒளிக்கவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் முகத்தைப் பார்த்ததுமே மன்னித்து விட்டிருப்பாய். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை உன்னிடம் கேட்காததால், கொடுக்க முடியாமல் கஷ்டப்படுகிற ஒருத்தியிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இந்தப் பாரத்தையும் வைத்தவன் நான்தான். அது தெரிந்தும் போகாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுப் போனபோது கேட்டைத் திறந்தவள், "சாயங்காலமா வராதீங்க, தண்ணி வர்ற நேரம்" என்றாள். "எப்ப வரட்டும் அம்மணி?" என்று கேட்டேன். கையிலிருந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "காலைல வாங்க" என்றாள். இத்தனை தடவையில் அவளாக வாங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை.