வெளுக்க வேண்டிய நிறங்கள்

பிப்ரவரி 9

ஐம்பதாம் ஆண்டுக் குறிப்பை இன்று முடித்தேன். நூற்றிருபது பட்டைகள். உறையில் போட்டு அரக்கும் வைத்தாயிற்று. கழுத்து வலி.

இந்த அறையை யாருக்காவது விளக்கினால் கதை விடுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் நூற்றிருபது நிறங்கள், ஒவ்வொன்றும் ஒரு மரப்பலகையில். இடது பாதி ஜன்னல் வெளிச்சத்தில். வலது பாதி தகர மூடிக்குள், இருட்டில். எது எவ்வளவு காலத்தில் வெளுக்கும் என்று பார்க்க வேண்டும் – முந்நூறு ஆண்டுகளுக்கு. மூடியை ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கலாம். வெளிச்சப் பாதியை ஆண்டுதோறும் வேறு வேறு ஆள் குறிக்க வேண்டும். முந்தைய குறிப்புகளைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் அதையே தேடும். அதனால்தான் உறையும் அரக்கும்.

தொடங்கிய மூவரும் இறந்துவிட்டார்கள். முடிவைப் பார்க்கப் போகிறவர்களின் பாட்டன்கூட இன்னும் பிறக்கவில்லை. அதில் எனக்கு ஒரு கள்ள நிம்மதி. என்ன சாதித்தாய் என்று என்னை யாரும் கேட்க முடியாது.

பிப்ரவரி 11

மூடி திறந்த நாள்.

இப்போது இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியர் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றியது 'அளவுகோல்' – நான் வைத்த பட்டப்பெயர்; எனக்கு முன்பே சேர்ந்தவர், காகிதம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் நிமிர்த்தி வைப்பவர். "மேடம், உள்ள பல்லி கில்லி இருந்தா நான் பொறுப்பில்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

முதல் மூடி வந்தது. இரண்டாவது. பத்தாவது.

இரண்டு பாதியும் ஒரே நிறம்.

ஐம்பது ஆண்டு வெளிச்சத்தில் இருந்ததும் ஐம்பது ஆண்டு இருட்டில் இருந்ததும் – அக்கா தங்கை அல்ல, ஒரே ஆள். நீலம் நான்கு மட்டும் வெளுத்திருந்தன.

பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நாம நெனச்சதெல்லாம் தப்பா?" என்று கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

பிப்ரவரி 12

பேராசிரியர் தூங்கியிருக்க மாட்டார். அறிக்கையின் முதல் பக்கம் தயார். வெளிச்சம் நாம் பயந்த அளவுக்கு எதிரியல்ல. காட்சிக்கூடங்கள் திரைகளை விலக்கலாம். உலகம் முழுக்க இருட்டறைகளில் கிடக்கும் ஓவியங்களை வெளியே கொண்டுவரலாம்.

"கொஞ்சம் சாயத்தைச் சுரண்டிப் பார்த்து உறுதி பண்ணிடலாமே மேடம்" என்றேன்.

"நூறாவது வருஷம் வரைக்கும் சுரண்டக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்களே. மூடி தெறந்தாச்சே, இனி உறைகளையும் பிரிக்கலாம். நீங்க பிரிச்சு வரிசையா நோட்டுல ஏத்துங்க. அது போதும்."

பிப்ரவரி 14

முதல் உறை: எல்லாம் புதிது. ஐந்தாவது: மஞ்சள்கள் தளர்கின்றன. பன்னிரண்டாவது: சிவப்புகள். இருபத்தொன்றாவது: நூற்றிருபதில் எழுபதுக்கும் மேல் வெளுத்துவிட்டன, குறித்தவர் ஓரத்தில் 'பரிதாபம்' என்றே எழுதியிருக்கிறார்.

இருபத்திரண்டாவது உறை: எல்லாம் புதிது. நீலம் நான்கைத் தவிர.

திரும்ப எண்ணினேன். உறை மாறியிருக்குமோ? அரக்கு சரி. தேதி சரி. ஒரே ஆண்டில் எழுபது நிறங்கள் இளமைக்குத் திரும்பியிருக்கின்றன. நாற்பத்தைந்து வரை அப்படியே. அதன்பிறகும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத இறக்கம்தான்.

இருபத்திரண்டு முதல் நாற்பத்தைந்து வரை.

அது எனக்குத் தெரிந்த கணக்கு. அப்பா இந்த அறைக்கு அட்டெண்டராக இருந்த காலம்.

பிப்ரவரி 15

அப்பாவிடம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 16

அவரே ஆரம்பித்தார். செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "மூடியெல்லாம் தெறந்தீங்களாமே. எப்படி இருக்கு? பளிச்சுனு இருக்கா?"

அந்தப் 'பளிச்சு'.

"நீங்க அதுல கைய வெச்சீங்களாப்பா?"

"பின்ன? வெயில் பட்டு வெளுத்துக் கிடந்துச்சு. கேக்க நாதியில்ல. அப்போ இருந்த பெரியவர் வருஷத்துக்கு ஒருதரம் வருவார், உறைக்கு அரக்கு வெப்பார், போயிடுவார். என் பொறுப்புல இருக்கற ரூம். நாளைக்கு ஒருத்தன் வந்து என்னய்யா இப்படிப் பாழடிச்சு வெச்சிருக்கேன்னா, என்னைத்தானே கேப்பான்?"

"தொடாதேன்னு போர்டு இருந்துதே!"

"அது பாக்க வர்றவங்களுக்கும்மா."

இங்கே வருவதற்கு முன் அவர் பேருந்துப் பணிமனையில் பெயின்டர். நசுங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பூசினது தெரியாமல் பூசுவதுதான் அங்கே வேலை. அசல் நிறத்தைக் கதவுக் கீலுக்கு அடியில் பார்ப்பார்களாம். அங்கே வெயில் படாது. இங்கே பலகையின் பின்பக்கம் வழிந்து காய்ந்திருந்த சொட்டில் பார்த்திருக்கிறார். ஒரு கோடை விடுமுறை முழுக்க, தன் காசில் வாங்கிய சின்ன டப்பாக்களோடு. பிறகு ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

"நீலம் நாலுதான் எனக்குப் பிடிபடல. எவ்வளவோ கலந்து பாத்தேன். இன்னைக்கும் அதை நெனச்சா வெக்கமா இருக்கு."

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பிப்ரவரி 17

இருபத்திநான்கு ஆண்டுகள். ஒருவர்கூட – ஒரே ஒருவர்கூட – அவரிடம் சொல்லவில்லை. முந்நூறு ஆண்டுக்குத் திட்டம் போட்டவர்கள், அறையைப் பெருக்குகிறவனிடம் இது எதற்கு என்று சொல்ல ஒரு நிமிடம் வைக்கவில்லை.

நான்? பள்ளி விட்டதும் அந்த அறையில் உட்கார்ந்துதானே வீட்டுப்பாடம் எழுதினேன். படித்து, பட்டம் வாங்கி, அதே அறைக்கு வந்து – நான் சொன்னேனா?

பிப்ரவரி 18

அளவுகோல் எட்டிப் பார்த்து, "என்ன மகாராணி, உறையைப் பிரிக்கச் சொன்னா அடைகாக்கறீங்க?" என்றார். இன்னும் முடியவில்லை என்றேன். முதல் பொய்.

மறைக்கலாம். பேனா என் கையில். எழுபது நிறங்களின் எண்களை மாற்றினால் போதும். நூறாம் ஆண்டில்தான் யாராவது சுரண்டுவார்கள், அப்போது அப்பாவும் இல்லை நானும் இல்லை. ஆனால் அதற்குள் ஐம்பது ஆண்டுகள் திரைகள் விலகியிருக்கும். யார் யாரோ வரைந்த முகங்கள் வெயிலில் நின்று வெளுத்திருக்கும். அவை திரும்பி வராது; அவற்றுக்கு அப்பா கிடையாது.

பேராசிரியரின் அறிக்கையில் நீலம் நான்குக்கும் 'விதிவிலக்கு' என்று தலைப்பு. உண்மையைச் சொல்வது அந்த நான்கு மட்டும்தான்.

பிப்ரவரி 20

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அது வெளுப்பதற்காகவே வைத்தது என்று.

கையிலிருந்த செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, "வெளுக்கவா வெச்சாங்க?" என்றார். மறுபடியும், "வெளுக்கவா?"

நான் மட்டும் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு, "நீ எதுக்கு? பூசினது நான். நானே வர்றேன்" என்று சட்டைக்கு இஸ்திரி போடப் போனார். காலர் தீய்ந்துவிட்டது. வேறு சட்டை எடுத்தார்.

பிப்ரவரி 21

பேராசிரியரின் மேஜைக்கு எதிரே அப்பா நின்றுகொண்டேதான் சொன்னார். உட்காரவில்லை. பணிமனை, கீல், பின்பக்கச் சொட்டு, டப்பா. சொல்லி முடித்து, "தப்புதாங்க" என்றார்.

பேராசிரியரின் முகம் – எழுத வரவில்லை. அடித்தது போல இருந்தது. அறிக்கை அவர் கைக்கு அடியிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

"இது என்ன ரூம்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"நான் கேக்கலீங்க."

"பதினோரு வருஷம் தினமும் உங்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கேனே..." பாதியில் நின்றார். "வணக்கம் மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில், "உட்காருங்க ஐயா. எது எது, எப்போ எப்போன்னு சொல்லுங்க. நீங்க எழுதும்மா" என்றார்.

அப்பாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. நாலரை மணி நேரம் சொன்னார். 'பூசியவர்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுபத்து நான்கு முறை எழுதினேன்.

மார்ச் 16

ஆய்வுக் குழு கூடியது. அப்பா மீது நடவடிக்கை இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஐந்து நாள் மறைத்ததற்காக. நியாயம்தான்.

இருட்டுப் பாதிகள் பழுதில்லை. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெளிச்சத்தில் விட்டு, மற்றதற்குப் புது மூடி. கணக்கு மறுபடி முதல் ஆண்டிலிருந்து. யாருடைய ஐம்பது ஆண்டோ கரைந்தது கரைந்ததுதான்.

விதிப் புத்தகத்தைத் திரும்ப எழுதும் பொறுப்பு எனக்கு. முதல் பக்கம் அட்டெண்டருக்கு. ஏழு முறை அடித்து எழுதியும் என் மொழி மாநாட்டுக் கட்டுரை போலவே இருக்கிறது. எட்டாவது முறை: 'இந்த அறையில் நிறங்கள் வெளுக்கும். வெளுக்கட்டும். ஏனென்றால்...'

ஏனென்றாலுக்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் வந்தது.

ஏப்ரல் 2

புது மூடிகள் போட்டாயிற்று. பத்து மணிக்கு ஜன்னல் திரையை விலக்கினோம். பேராசிரியர் அழைத்ததால் அப்பாவும் வந்தார். யாரும் சொல்லாமலே பலகைகளிலிருந்து நாலடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

புது அட்டெண்டர் ஒரு பெண். முதல் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டு, "அப்போ நான் ஒண்ணும் செய்யாம இருக்கணும், அவ்வளவுதானே?" என்றாள்.

"அதுதாம்மா கஷ்டம்" என்றார் அப்பா.

மஞ்சளின் மீது வெயில் வந்து விழுந்தது. அப்பா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆரம்பிச்சிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்போதானேப்பா. பார்க்க அம்பது வருஷம் இருக்கு."

"சரி" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.