நீங்கள் மறுக்காத சண்டை

பாவா,

நேற்று என் மனைவி எனக்கு முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டாள். பாதியில் கையை நிறுத்தி மோந்து பார்த்துவிட்டு, "உங்க பாவா வூட்டுக்குள்ள வந்து நின்னுகினு இருக்காப்பல கீது" என்றாள். சண்டைக்கு முன்னால் உங்கள் தோளுக்கும் பிடரிக்கும் அரை பாட்டில் தேய்ப்பேன். இரண்டு நாள் என் உள்ளங்கையை விட்டுப் போகாது, சோற்றில்கூட அதே வாசனை அடிக்கும்.

நீங்கள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊர் இன்னும் உங்களை விட்டபாடில்லை. இன்று காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. "நல்லாத்தான் அடிப்பாராம். ஆனா ஆள் பாத்து அடிப்பாராம். அரக்கோணத்து பீச்சாங்கைகிட்ட மட்டும் கடைசி வரைக்கும் போவலியாமே" என்றான் ஒருவன். உங்களை ஒருநாளும் பார்த்திராத வயது அவனுக்கு. எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும் நான். டம்ளரை வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆள் பார்த்து அடித்தீர்களா நீங்கள்? வேலூர் ரிக்‌ஷாக்காரரோடு எட்டு ரவுண்டு நின்றபோது உதடு கிழிந்து தொங்கியதே, அப்போது எங்கே போயிருந்தார்கள் இவர்கள்? மதராஸ் துறைமுகத்திலிருந்து வந்தவன் உங்களைவிட ஒரு சாண் உயரம். மணவூர் திருவிழாவில் போட்டது சும்மா வேடிக்கைச் சண்டை என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மிச்சமெல்லாம் வேடிக்கையா? பகலெல்லாம் அரக்கோணம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுவிட்டு, விடியற்காலையில் மலைப்படி முழுவதும் ஓடி ஏறி இறங்குவீர்கள். சரவணப் பொய்கையில் குளிக்கிறவர்கள் உங்களைப் பார்த்துத்தான் மணி சொல்வார்கள். உங்கள் மனைவி என் கூடப்பிறந்த அக்கா என்பதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. என் சைக்கிள் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே, கிளவுஸ் மாட்டிய உங்கள் படத்தையும் மாட்டியிருந்தேன்.

ரிங் ஓரத்தில் தண்ணியும் துண்டும் பிடித்தவன் நான். சண்டை பேசி முடிப்பவனும் நான்தான். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. சவால் விடுகிறவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வருவார். தட்டைத் தொட்டு வாங்கிவிட்டால் சண்டை உறுதி, பிறகு யாராலும் மாற்ற முடியாது. நீங்கள் பஸ்ஸில் இருக்கும் நேரத்தில் தட்டு என் கடைக்குத்தான் வரும். ஒரு தட்டையாவது திருப்பி அனுப்பச் சொல்லி நீங்கள் சொன்னதில்லை. "வர்றவன் ஆசையா வர்றான்டா மச்சான். வேணாம்னு சொன்னா அது அவனை அடிக்கிறதவிட மோசம்" என்பீர்கள்.

எழுபதுகளின் நடுவில் அரக்கோணம் லோகோ ஷெட்டிலிருந்து அவர் வந்தார். இடது கை ஆட்டக்காரர், டீக்கடையில் சொன்ன அதே பீச்சாங்கை. வரும்முன்பே அவர் சண்டை ஒன்றை நான் அரக்கோணத்தில் பார்த்திருந்தேன். எதிரே நின்றவன் மூன்றாம் ரவுண்டில் ஒரே குத்தில் விழுந்தான். ஒரு மாதம் கழித்து அவனை ரயிலடியில் பார்த்தேன். டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது, பெண்சாதிதான் வாயில் வைத்துக் கொடுத்தாள்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் அக்கா என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டாள். "டேய், அவருக்கு வலது கண்ணு சரியா தெரியலடா. அந்தப் பக்கம் கொழம்பு வெச்சா கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. கேட்டா கத்தறாரு. நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். அன்று உங்கள் பஸ்ஸிலேயே ஏறிக் கவனித்தேன். இடது பக்கத்து சீட்டுகளுக்கு மளமளவென்று டிக்கெட் கிழித்தீர்கள். வலது பக்கத்தில் ஒரு கிழவர் கை நீட்டியபடியே இருந்தார். நீங்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டீர்கள். இடது கைக்காரரின் பலமான குத்து உங்களுக்கு வலது பக்கத்திலிருந்துதான் வரும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பாவா.

தட்டு வந்த அன்று கடையில் நான் மட்டும் இருந்தேன். அவரே நேரில் வந்திருந்தார், கூட இரண்டு பேர். பார்த்தால் சண்டைக்காரர் மாதிரியே இல்லை, அவ்வளவு அடக்கம். "தம்பி, பணம் காசுக்கு வரலங்க. உங்க பாவாகூட ஒரு தபா நின்னுட்டாப் போதும். அதுக்கப்புறம் க்ளவுசை ஆணியில மாட்டிடுவேன்" என்றார். கூட வந்தவன்தான் சீண்டினான். "எல்லா ஊர்லயும் முருகன் சூரனைக் கொல்றாரு. உங்க மலையில மட்டும் சூரசம்ஹாரமே கெடையாது. கோவம் தணிஞ்ச சாமியாச்சே, உங்களுக்கு சண்டை எங்க வரப்போவுது!" என்றான்.

தட்டு என் முன்னால் இருக்கிறது. அக்கா முகமும் அந்த டீ டம்ளரும் மாறி மாறி வந்தன. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். "பாவா மாலை போட்டிருக்காருங்க. ஆடிக் கிருத்திகைக்கு காவடி. விரதத்துல கை ஓங்க மாட்டாரு." உடனே அவர் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகன் காரியம்னா நான் குறுக்க வரமாட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் மாலை போடவில்லை. சாமி பேரில் சொன்ன பொய் என்று எனக்குப் பயம். பொய்யை நிஜமாக்கிவிட்டால் பாவம் கழியும் என்று ஒரு கணக்கு போட்டேன். என்ன புத்தி பாருங்கள்! சாயங்காலமே உங்களிடம் வந்து, "பாவா, உங்களுக்காக நான் வேண்டிக்கினேன். இந்த ஆடிக்கு நீங்க காவடி எடுக்கணும்" என்றேன். எதற்கு என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. மறுநாளே மாலை போட்டுக்கொண்டீர்கள். ஆடிக் கிருத்திகை அன்று காவடியோடு படியேறினீர்கள். வலது பக்கம் படியின் விளிம்பு தெரியாமல் இரண்டு முறை தடுமாறினீர்கள். பின்னால் அரோகரா போட்டுக்கொண்டே வந்த நான் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன்.

மாலை கழற்றிய பிறகு மறுபடியும் தட்டு வந்தது. இந்த முறை சாமி கைகொடுக்கவில்லை. உங்களுக்குக் கண் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. வெளியே தெரிந்தால் பஸ் வேலை போய்விடும். கொஞ்ச நேரம் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னேன், "பாவாவே வேணாம்னுட்டாருங்க."

"அவரே சொன்னாரா?"

"ஆங்."

அவர் முகம் சுண்டிப்போனது. தட்டை எடுத்துக்கொண்டு நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார். அக்கா சொன்னதற்காகத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை, பாவா. நீங்கள் விழுந்தால் என் கடையில் மாட்டியிருந்த படமும் விழுந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அக்கா பாத்துக்கோ என்றாள், பொய் சொல் என்று சொல்லவில்லை. உங்கள் கையைப் பிடித்து, கண் டாக்டரிடம் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை.

அதன்பின் மலையடிவார மைதானத்தில் உங்கள் கடைசிச் சண்டை நடந்தது. எதிரே நின்றவர் மதராஸ்காரர், வலது கை ஆட்டக்காரர் என்பதால் அந்தத் தட்டை வாங்கிவிட்டேன். எப்படியோ ஜெயித்துவிட்டீர்கள். நடுவர் உங்கள் கையைத் தூக்கும்போது ரயிலேறி வந்திருந்த அரக்கோணத்துக் கூட்டம் கூடைகூடையாக உதிரிப்பூவை ரிங்குக்குள் கொட்டியது. "சாமி, கோவம் தணிஞ்சுதா?" என்று ஒருவன் கத்தினான். மற்ற ஊர்களில் சூரனைக் கொல்கிற நாளில் நம் மலையில் முருகனுக்குப் பூச்சொரிந்து குளிர வைப்பார்களே, அந்தக் கேலி அது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. நீங்கள் மட்டும் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டீர்கள். தலைமுடியிலும் தோளிலும் சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துண்டால் துடைக்கும்போது கேட்டீர்கள், "அரக்கோணத்துக்காரங்களுக்கு நம்ம மேல இவ்ளோ பாசமாடா மச்சான்?"

"ஆங் பாவா" என்றேன்.

நீங்கள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு கிளவுசை அவிழ்க்கக் கையை நீட்டினீர்கள்.

நாலைந்து வருடத்தில் சண்டை எதுவும் இல்லாமலேயே அந்தக் கண் அடியோடு போனது. வேலையும் போனது. ஞாயிற்றுக்கிழமையானால் என் வீட்டுக்குச் சாப்பிட வருவீர்கள். தெருவில் போகும்போது யாராவது ஜாடையாகப் பேசுவார்கள். நீங்கள் காதில் விழாதது போல நடப்பீர்கள். நான் உங்கள் வலது பக்கமாகவே நடப்பேன். அந்தப் பக்கம் வண்டி வந்தால் உங்களுக்குத் தெரியாது என்பது ஒன்று. அந்தப் பக்கம் நடந்தால் நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பது இன்னொன்று.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த இடது கைக்காரர் வந்தார். தலை நரைத்திருந்தது. உங்கள் படத்துக்கு மாலை போட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டு, பந்தலில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் தம்பி. அந்தக் கடைசி சண்டைக்கு மொத வாரம் உங்க பாவா பஸ்ல ஏறினேன். ஏன்யா, என்னைப் பாத்தா உனக்கு ஆளாத் தெரியலியா, ஏன் வேணாம்னு சொல்லி அனுப்பினன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. தட்டு வந்ததான்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. ரெண்டு தபா வந்தேன், உன் மச்சான்தான் பதில் சொன்னான்னேன். விசில் ஊதி வண்டிய நிறுத்தி ரெண்டு பேர எறக்கி விட்டாரு. அப்புறம், ஆங், நான்தான் சொல்லச் சொன்னேன், என் மச்சான் பொய் சொல்ற ஆள் கெடையாதுன்னாரு. டிக்கெட்டைக் கிழிச்சிக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு."

முந்தின வாரம். அப்படியென்றால் அந்தப் பூ எதற்கென்று தெரிந்துதான் கும்பிட்டீர்கள். தெரிந்துதான் என்னிடம் அப்படிக் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பேன் என்று எதிர்பார்த்தீர்களா? திறந்திருந்தால் அங்கேயே என்னை மன்னித்திருப்பீர்களா? அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதும் காத்துக்கொண்டா இருந்தீர்கள்? ஐயோ, பாவா!

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இத்தினி வருஷமா அதுல நம்பிக்கையே வரலப்பா. பயந்தவன் அப்படி மூஞ்சப் பாத்து சொல்ல மாட்டான். நீ கூடவே இருந்தவன். அவரும் போய்ட்டாரு, இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது? அவரு நெஜமாவே வேணாம்னாரா?"

பந்தலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் பேரைத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு வார்த்தை போதும். நான் தலையைக் குனிந்து, "ஆங்" என்றேன்.

அவர் இன்னும் இருக்கிறார், பாவா. தொண்ணூறை நெருங்குகிறார். அக்காவும் போய்விட்டாள், இனி யாருக்காக மறைக்கிறேன்? நாலு முறை அரக்கோணம் ரயில் ஏறிப் போயிருக்கிறேன். மூன்று முறை தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை வீட்டு வாசல் வரைக்கும் போனேன். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு மேல் இடது கையை வைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்து, "யாருப்பா அது? இன்னா வேணும்?" என்று கேட்டார்.

வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.