நான் அழவில்லை

17 செப்டம்பர் 1957, செவ்வாய்

ஒரு மாதமாக இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிகிறது. நான் அழவில்லை என்று எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கச் சொல்லி அலுத்துவிட்டது. வகுப்புப் பிள்ளைகள்கூட, "ஏன் டீச்சர் அழுறீங்க?" என்கிறார்கள்.

காலையில் மூக்கோரம் சிவந்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போனேன். டாக்டர் கண்ணோரத்தை அழுத்தியதும் சீழ் வந்தது. உயிர் போய் உயிர் வந்தது. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்துப் புண்ணாகிவிட்டதாம். பென்சிலின் ஊசி போட்டார். நாளையும் போட வேண்டும். வீட்டில் வெந்நீர் ஒத்தடம். வீக்கம் வற்றியதும் ஆபரேஷன்.

திரும்பி வந்தால், புக்கிட் பாருவிலிருந்து என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறார். "அந்தப் பிள்ளைய ஏன்டா தினமும் அழ வைக்கிற?" என்று இவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தலையைக் குனிந்துகொண்டு, "கோலாலம்பூருக்கு மாற்றல் கேட்டு வாங்கினத அவகிட்ட மறைச்சது தப்புதாண்ணே. எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு அழுறா" என்றார்.

எனக்கு எங்கே தெரியும்? அந்த நிமிடம்தான் தெரிந்தது!

"இது கண்ணுல புண்ணு. நான் அழல" என்றேன்.

"அப்போ உனக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்கிறார் இந்த மனுஷன், முகமெல்லாம் நிம்மதியோடு. அண்ணனே தலையில் அடித்துக்கொண்டார்.

என் பள்ளிக்கூட வேலையை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே வீடு பார்த்தாயிற்றா, அதுவும் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து கண் ஆறும்வரை மலாக்காவை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவர் முதலில் போகட்டும். தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது. போகட்டும்.