தெச்சியில் பூத்த செம்பருத்தி

ஐப்பசி 9, ஞாயிறு, இரவு

புனேயில் மாசமாக இருக்கும் மகளை எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் படுக்க வைத்து ஒரு மாதமாகிறது. போனில் குரலே வாடிக் கிடந்தது. நேற்று, "நம்ம தோட்டத்த பூவோட ஒரு படம் எடுத்து அனுப்பும்மா" என்றாள்.

மழைக்குப் பிறகு, வெள்ளறடையிலிருந்து கம்பு கொண்டுவந்து நட்ட செம்பருத்தி நிறையப் பூத்திருந்தது. இட்லிப்பூ என்கிற தெச்சியும் கொத்துக் கொத்தாக இருந்தது. ஆனால் காலையில் குளித்ததும் கை தானாகக் கூடையை எடுத்துவிட்டது. பூஜைக்கென்று அத்தனையும் பறித்த பிறகுதான் படம் ஞாபகம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பேடிக்காத, திரும்பவும் பூக்க வைக்கேன் பாரு" என்று வீட்டுக்காரர் கூடையோடு போய், ஈர்க்கிலால் பூக்களைச் செடிகளில் குத்திவைத்தார். படமெடுத்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"அம்மா, தெச்சியில எப்பம் செம்பருத்தி பூத்துது? அப்பாக்க வேலையாக்கும்!"

மூச்சு விடாமல் சிரித்தாள்.

"போதும் மக்களே, வயிறு குலுங்கும்" என்று சொல்லிக்கொண்டே நானும் சிரித்தேன்.

கிருஷ்ணனுக்கு இன்று துளசி மட்டும்தான். பொறுத்துக்கொள்வான். நாளைக்கும் படம் வேண்டுமாம். கூடையை என் கைக்கு எட்டாதபடி பரணில் போட்டுவிட்டேன்.